குகன் கட்டிய பூனைக் கூண்டு

"நிறுத்துங்க, நிறுத்துங்க. விரலு மாட்டிக்கிச்சு."

பெட்டியின் முன்பக்கத்தைப் பிடித்திருந்தவன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். தூக்கி வந்தவர்கள் அப்படியே நின்றார்கள். பெட்டியின் தலைமாடு கூண்டின் வெளிக்கதவைத் தாண்டி வந்துவிட்டது. ஆனால் உள்கதவு அதற்கு நேராக இல்லை. சுவரை ஒட்டி ஒதுங்கி இருந்தது. பெட்டி திரும்பினால்தான் வீட்டுக்குள் போகும். திரும்ப இடமில்லை. கால்மாடு வெளிக்கதவின் இரும்புக் குழாயில் முட்டி நின்றது. யாரோ பின்னாலிருந்து அழுத்திப் பார்த்தார்கள். கூண்டு முழுவதும் ஒருமுறை கிணுகிணுத்து அடங்கியது. பிளாஸ்டிக் கூரையில் தேங்கியிருந்த மழைத்தண்ணீர் சாய்ந்து பெட்டிமேல் கொட்டியது.

உமாதேவி வீட்டு நிலையில் கையை ஊன்றியபடி, கம்பி வலைக்கு இந்தப் பக்கமிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெட்டிக்குள் அவள் புருஷன் குகனேஸ்வரன் இருந்தான். அந்த வலையும் குழாயும் கதவும் அவன் கையால் கட்டியவை. நேற்றுக் காலையில்தான் கடைசி மூலையைக் கட்டி முடித்தான்.

"பின்னால எடுங்க. வேன்லயே வைங்க, நனையுது."

பெட்டி மறுபடியும் அதைக் கொண்டுவந்த வேனுக்குப் போயிற்று. வேன்காரர் தலைத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வலைக்கு அருகே வந்தார்.

"பின்பக்கம் வழி இருக்காம்மா?"

"இருக்கு. ஆனா பெட்டி வராது."

அவர் நம்பாமல் ஒரு ஆளோடு சுற்றிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். சமையலறைக் கதவைத் திறந்தால் சாக்கடை; அதன்மேல் ஒரு பலகை; பலகையைத் தாண்டினால் வெட்டி நிறுத்திய செங்குத்து மண்; அதற்கு மேலே தேயிலை. அந்தப் பலகையில் அவள் தண்ணீர் வாளியோடு போவதே சர்க்கஸ்தான்.

"அப்போ இத வெட்டித்தான் ஆகணும். வேன்ல கிரைண்டர் இருக்கு," என்றார் வேன்காரர்.

"வெட்டுங்க," என்றாள் மணியம்மா. அவள் குகனின் அக்கா, ஈப்போவிலிருந்து விடிவதற்குள் மலையேறி வந்திருந்தாள். தாயில்லாமல் போன வீட்டில் தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அழுது அழுது குரல் கம்மியிருந்தது. "மனுசனே போயிட்டான். பூனைக்கு எதுக்கு மாளிகை? வெட்டிப் போடுங்க."

"அத்தை, அது அப்பா கட்டினது."

மகள் யுவனேஸ்வரி உமாவின் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தாள். தஞ்சோங் மாலிமில் படிக்கிறவள். போன் வந்த கையோடு, போட்டிருந்த உடுப்போடு புறப்பட்டு வந்திருந்தாள்.

"அப்பாவ ரோட்டுல வச்சிக்கிட்டு இதப் பேசலாமாடி?"

யுவனா கூண்டுக்குள் இறங்கி, அங்கே திரிந்த பூனைகளைப் பிடித்துக் குளியலறையில் அடைக்கத் தொடங்கினாள். மைலோ வந்தது. பஞ்சு கீறிவிட்டு வந்தது. கறுப்பன் கிச்சாப் மட்டும் கூரையை ஒட்டிய பலகைமேல் ஏறி, சுவர்மூலையில் ஒண்டிக்கொண்டது. கை எட்டவில்லை.

"கிச்சாப்பப் பிடிக்க முடியலம்மா," என்றாள்.

உமா தலையை ஆட்டினாள். காதில் விழுந்ததே தவிர மனதில் நிற்கவில்லை.

*

எஸ்டேட்டின் இந்த லயத்து வீட்டு வரிசையில் முன்பெல்லாம் கூண்டு கிடையாது. பூனைகள் வீடுகளின் முன்னால் ஓடும் அஞ்சடித் தாழ்வாரத்தில் படுத்துக் கிடக்கும். தேயிலைக்குள் போகும், வரும். யுவனா படிக்கப் போன பிறகுதான் குகனுக்குப் பூனைக் கிறுக்கு முற்றியது. கொழுந்து லோரி ஓட்டி முடித்து வந்து, சட்டையைக் கழற்றுவதற்கு முன்னால் அதுகளோடு பேசுவான். "இன்னிக்கு என்ன சாப்ட்ட? அம்மா மீன் குடுத்தாளா?" என்று அவன் கேட்பதைக் கேட்டு உமாவுக்குச் சில நாள் சிரிப்பு வரும், சில நாள் எரிச்சல் வரும். தன்னிடம் இத்தனை கேள்வி அவன் கேட்டதில்லை.

முதலில் ராணி போயிற்று. கீழே ரோட்டில் காய்கறி லோரி ஏறிவிட்டது. அதற்குக் குகன் யாரையும் குற்றம் சொல்லவில்லை. தானும் லோரிக்காரன்தானே என்று சொல்லிவிட்டுச் சுரண்டி எடுத்து வந்து புதைத்தான்.

அடுத்தது குட்டி. அது ஒரு சாயங்காலம் பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு அஞ்சடிக்கு வந்தது. வாயில் நுரை. உடம்பெல்லாம் வெட்டி வெட்டி இழுத்தது. குகன் அதைத் தன் சுவெட்டருக்குள் வைத்து அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அடங்கிய பிறகு எழுந்து நேரே பக்கத்து வீட்டுக்குப் போனான்.

பக்கத்து வீட்டு நல்லுசாமி வேறு ஆள் இல்லை. இருவரும் இதே லயத்தில் பிறந்தவர்கள். ஒரே லோரியில் கிளீனராக ஏறி, ஒரே வருஷத்தில் லைசன்ஸ் எடுத்தவர்கள். பிறகு நல்லுசாமி எஸ்டேட் வேலையை விட்டு, பழைய லோரி ஒன்றை வாங்கிக் கம்போங் ராஜாவுக்குக் காய்கறி ஏற்றினான். லயத்துக்குக் கீழே இறங்கும் சரிவில் கோபிஸ் என்கிற முட்டைக்கோஸும் சாவிக் கீரையும் போட்டிருந்தான். எலித் தொல்லைக்கு நெத்திலியில் பூச்சிமருந்து தடவி, மழையில் நனையாமல் ஓட்டுத் துண்டுகளுக்கு அடியில் வைப்பான்.

"மருந்து வச்சியா?" என்று குகன் கேட்டான்.

"எலிக்கு வச்சதுலா."

"பூனை திங்கும்னு தெரியாதா?"

"என் பாத்தி, நான் வைக்கிறேன். ஒன் பூனைய நீ கட்டி வையி."

அவன் கோபத்தில் சொல்லவில்லை. ஏதோ வாயில் வந்ததைச் சொன்னான் என்று உமாவுக்குத் தோன்றியது. ஆனால் குகனின் கையில் இன்னும் அந்த நுரை இருந்தது.

"கட்டி வைக்கிறேன். ஆனா ஒண்ணு. நான் செத்தாலும் நீ என் வாசல மிதிக்கக் கூடாது."

லயமே கேட்டது. அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

கட்டி வைக்கிறேன் என்று சொன்னதைக் குகன் செய்தான். லெம்பா பெர்த்தாமில் ஒரு தோட்டக்காரர் கழித்துப் போட்ட மழைக்கூடாரக் குழாய்களைக் கேட்டு வாங்கி வந்தான். வேலை முடிந்து வந்ததும் அறுப்பான், வளைப்பான், நட்டுப் போட்டு முறுக்குவான். அஞ்சடி முழுவதையும், அதற்கு முன்னால் இருந்த மண்தரையையும் சேர்த்துக் கம்பி வலையால் அடைத்தான். வலையின் அடிப்பக்கத்தை மண்ணைத் தோண்டிப் புதைத்து, வெளிப்பக்கமாக மடக்கிக் கல் வைத்தான். மூசாங் மரநாயோ தெருநாயோ பறித்துக்கொண்டு வராதாம். பூனைகள் ஏறி உட்கார மேலேயும் கீழேயுமாகப் பலகை அடித்தான். கதவு மட்டும் இரண்டு. வெளிக்கதவைத் திறந்து உள்ளே வந்து, அதைச் சாத்திய பிறகுதான் உள்கதவைத் திறக்க வேண்டும்.

"ரெண்டும் ஒரே நேரத்துல தொறந்திருக்கவே கூடாது. ஒரு நிமிசம் போதும், அதுக போயிரும்," என்று உமாவுக்கும், தபால்காரனுக்கும், கேஸ் கொண்டுவரும் பையனுக்கும் ஒரே மாதிரி சொன்னான்.

லயத்தில் சிரித்தார்கள். குகன் கட்டுற ஜெயிலு என்றார்கள். வேலை முடிந்து மார்க்கெட் பையோடு அந்த இரண்டு கதவுக்கும் நடுவில் நிற்கும்போது உமாவுக்கே தான் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்று ஒரு கணம் குழம்பும். ஆனாலும் சாயங்காலங்களில் வலையை அவள்தான் தூக்கிப் பிடித்தாள். அவன் கட்டினான்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. கடைசி மூலையைக் கட்டிவிட்டு உள்ளே வந்தவனுக்கு அந்தக் குளிரில் வேர்வை வழிந்தது.

"உமா, கொஞ்சம் சுடுதண்ணி குடு."

கிளாஸை வாங்கியவன் குடிக்காமல் கீழே வைத்தான். இடது தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டான். முகம் சாம்பல் பூத்திருந்தது. அவள் அவனைத் தாங்கிப் பிடித்து அஞ்சடிக்குக் கொண்டுவந்து, ஆஸ்பத்திரிக்குப் போகணும், யாராவது காடி எடுங்களேன் என்று கத்தினாள்.

பக்கத்து வீட்டில் லோரி இன்ஜின் உறுமியது. நல்லுசாமி லோரியைக் கூண்டுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தி, இறங்கிச் சுற்றி வந்து, இந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். வாயைத் திறக்கவில்லை.

குகன் நிமிர்ந்து பார்த்தான்.

"அதுல வேணாம்."

"என்னங்க இது, இப்பப் போயி..."

"வேணாம்னா வேணாம் உமா."

அவன் இரண்டு கதவுகளுக்கும் நடுவிலிருந்த படியில் உட்கார்ந்துவிட்டான். அவளால் அவனைத் தூக்க முடியவில்லை. மேட்டில் இருந்த எஸ்டேட் ஆபீஸ் கிராணி வீட்டுக்கு ஓடினாள். கிராணி சட்டை மாட்டிக்கொண்டு, சாவியைத் தேடி, காடியைத் திருப்பிக்கொண்டு வருவதற்குள் அவள் முன்னால் ஓடி வந்துவிட்டாள். லோரி அதே இடத்தில் நின்றிருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நல்லுசாமி திறந்த கதவைப் பிடித்த கையை எடுக்கவில்லை. படியில் குகன் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். மடியில் கிச்சாப் படுத்திருந்தது.

கோலா தெர்லாவைத் தாண்டியதும் ரோட்டில் ஜாம். ஸ்ட்ராபெரி பார்க்க வந்த வெளியூர்க் காடிகள் வரிசையாக நின்றன. கிராணி ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். ஒரு இடத்தில் குகனின் தலை அவள் தோளில் வேறு மாதிரிக் கனத்தது. அவள் கிராணியிடம் சொல்லவில்லை. தானா ராத்தா ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அவன் தலையை ஆடாமல் பிடித்துக்கொண்டு வந்தாள்.

*

கிரைண்டருக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தபோது கூட்டம் தானாக விலகியது.

நல்லுசாமி நீல மழைக்கோட்டோடு நின்றிருந்தான். ஒரு கையில் ஸ்பானர்கள். வெளிக்கதவுக்கு அந்தப் பக்கமே நின்றான். அவனுடைய பூட்ஸின் முனை வாசல் குழாயைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி இருந்தது.

"வெட்ட வேணாம்," என்றான் வேன்காரரிடம். பிறகு உமாவைப் பார்க்காமல் உமாவிடம் சொன்னான். "எல்லாம் நட்டு போட்டதுதான் தங்கச்சி. இந்த ஒரு பக்கத்த மட்டும் கழட்டினா போதும். அப்புறம் திருப்பி மாட்டிக்கலாம்."

"நீ எதுக்கு வந்த?" மணியம்மா எழுந்து நின்றாள். "அவன் என்ன சொன்னான்னு இந்த எஸ்டேட்டுக்கே தெரியும்."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுமா வந்து நிக்கிற?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். போகவில்லை.

"அம்மா, இவர விடாதீங்க," என்றாள் யுவனா. நடக்கப் பழகும் வயதில் அவளை லோரியில் உட்காரவைத்து ஸ்டியரிங் பிடிக்கக் கொடுத்தவன் அவன். மாமா என்று கூப்பிடும் வாய் இப்போது இவர் என்றது. "அப்பா வேணாம்னு சொன்னாரு. நேத்துகூட சொன்னாருன்னு நீங்கதான சொன்னீங்க."

எல்லாரும் உமாவைப் பார்த்தார்கள். மழை வலுக்கத் தொடங்கியிருந்தது. வேனின் பின்கதவு திறந்து கிடந்தது. பெட்டியின் கால்மாட்டில் சாரல் அடித்தது. யாரோ ஒருவர் தன் குடையைப் பெட்டிக்குப் பிடித்துக்கொண்டு தான் நனைந்துகொண்டிருந்தார்.

உமா நேற்றிலிருந்து அந்த லோரி நிற்கும் பக்கம் திரும்பவில்லை. இப்போது பார்த்தாள். பிறகு கூண்டுக்குள் இறங்கினாள். உள்கதவைத் திறந்து, அது திரும்பி அடிக்காமல் இருக்க ஒரு கல்லை நகர்த்தி வைத்தாள். வெளிக்கதவை விரியத் திறந்து பிடித்தாள்.

"வாங்க," என்றாள்.

நல்லுசாமி பூட்ஸைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு உள்ளே வந்தான்.

அவன் வேலை செய்த விதத்தில் மற்றவர்கள் உதவத் தேவையிருக்கவில்லை. அண்ணாந்து ஒவ்வொரு நட்டாகத் தளர்த்தினான். சில நட்டுகளைக் குகன் இறுக்கியிருந்த இறுக்கத்தில் ஸ்பானர் வழுக்கியது. அப்போதெல்லாம் ஒரு கணம் நின்று நெற்றியைக் குழாயில் வைத்துக்கொண்டு மறுபடியும் முறுக்கினான். கழன்ற நட்டுகளை மழைக்கோட்டுப் பையில் போட்டுக்கொண்டான். கடைசி நட்டு கழன்றதும் இரண்டு பேரைக் கூப்பிட்டு, பக்கவாட்டு வலையை முழுதாகத் தூக்கிச் சாய்த்தான். வாசல் பளிச்சென்று திறந்துகொண்டது.

அந்தச் சத்தத்தில் மேல்பலகையில் ஒண்டியிருந்த கிச்சாப் எகிறிக் குதித்தது. வேன்காரரின் கால்களுக்கு நடுவில் புகுந்து, ரோட்டைத் தாண்டி, சரிவில் கறுப்புக் கோடு மாதிரி இறங்கி கோபிஸ் பாத்திக்குள் மறைந்தது.

"பூனைய விடுங்க, வந்துரும். பெட்டியத் தூக்குங்க," என்றார் யாரோ.

நல்லுசாமி மட்டும் அசையவில்லை. கையில் ஸ்பானரோடு சரிவையே பார்த்துக்கொண்டு நின்றான். உமா அவன் முகத்தைப் பார்த்தாள். பெட்டி அவர்களுக்கு நடுவில் உள்ளே போனது. அவள் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டாள். அவனும் ஒட்டினான். பெட்டி போன பிறகு அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

"தங்கச்சி, கீழ மருந்து வச்சிருக்கேன்."

அவள் சரிவைத் திரும்பிப் பார்த்தாள்.

"சனிக்கிழம சாயங்காலம் வச்சது. கூண்டுதான் முடியப் போகுதே, இனி அதுக எங்க வரப்போகுதுன்னு..."

உள்ளே மணியம்மா தம்பி பெயரைச் சொல்லிக் கதறும் சத்தம் கேட்டது. பெட்டியைத் திறந்துவிட்டார்கள்.

"போங்க," என்றாள் உமா.

"தூக்குற நேரத்துக்கு நான் இருக்கணும். அவனுக்கு நான் தோள் குடுக்கணும்."

"போங்கண்ணே."

அவன் பூட்ஸைக்கூட மாட்டவில்லை.

*

கூடத்தில் தேவாரம் பாடினார்கள். வந்தவர்கள் வரிசையாக வாய்க்கரிசி போட்டார்கள். உமாவைக் கொண்டுவந்து தலைமாட்டில் உட்காரவைத்து மணியம்மா செய்ய வேண்டியதையெல்லாம் செய்தாள். "என்ன மன்னிச்சிரும்மா, நான்தான செய்யணும்," என்று உமாவின் காதில் சொன்னாள். உமா கழுத்தை நீட்டிக் கொடுத்தாள். குகனின் வலது கை விரல்களில் வலைக் கம்பி கீறிய கோடுகள் ஆறாமல் இருந்தன. ஆஸ்பத்திரியில் குளிப்பாட்டியவர்கள் நகத்து அழுக்கை எடுக்கவில்லை.

கொள்ளி வைக்க யார் என்று பேச்சு எழுந்தது. மணியம்மாவின் மகன் வைக்கலாம் என்றார்கள். "அவ வைக்கட்டும்," என்றாள் உமா. யுவனா தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து, ஈரத்தோடு சட்டியை வாங்கிக்கொண்டாள். யாரும் மறுத்துப் பேசவில்லை.

தூக்கும் நேரத்தில் ஒருவர் சுற்றிலும் பார்த்தார்.

"நல்லுசாமி எங்க? பின்பக்கம் ஒரு ஆள் கொறையுது."

"வந்தானே, ஊர் பாக்கணும்னு," என்றாள் மணியம்மா. "தூக்குற நேரத்துல ஆளக் காணோம். அவ்வளவுதான் அவன் கூட்டாளித்தனம்."

வாசல் திறந்து கிடந்ததால் உமா இருந்த இடத்திலிருந்து சரிவு தெரிந்தது. பனிமூட்டத்துக்குள் கோபிஸ் வரிசைகளுக்கு நடுவே ஒரு நீல மழைக்கோட்டு முழங்காலில் ஊர்ந்துகொண்டிருந்தது. நிற்கும், குனியும், கொஞ்சம் நகரும். அவள் சொல்லியிருக்கலாம். சொன்னால் சட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் யுவனாவுக்கும் கேட்கும். அவள் பெட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டாள். வேறொருவர் வந்து தோள் கொடுத்தார். பெட்டி, கழற்றிய பக்கத்தின் வழியாக, எதிலும் முட்டாமல் வெளியே போயிற்று. வேன் கிளம்பி வளைவில் திரும்பும்வரை பெண்கள் ரோட்டில் நின்றார்கள்.

பிறகு வீட்டைக் கழுவிவிடத் தொடங்கினார்கள். துடைப்பமும் வாளியுமாக ஆளுக்கொரு பக்கம் இறங்கினார்கள். மணியம்மா சமையலறையில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு படுத்திருந்தாள். உமா எழுந்து, யாரிடமும் சொல்லாமல், சரிவில் இறங்கினாள்.

மண் வழுக்கியது. சேலையை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு நடந்தாள். பாத்தி முடியும் இடத்தில் மருந்தடிக்கும் டாங்கி வைக்கிற சின்னக் கொட்டகை இருந்தது. நல்லுசாமி அதன் வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பை. முழங்காலிலிருந்து கீழே எல்லாம் சேறு. மடியை ஒட்டி உரச்சாக்கு ஒன்று மடித்து வைத்திருந்தது.

அவளைப் பார்த்து எழ முயன்றான். முடியவில்லை.

"எல்லா எடத்துலயும் எடுத்துட்டேன்," என்றான். "வச்ச எடமெல்லாம் எனக்குத் தெரியும். ஒண்ணு மட்டும் காலியா இருந்திச்சு."

அவள் சாக்கைப் பார்த்தாள்.

"நான் வந்து பாக்கறப்ப இழுத்துக்கிட்டு இருந்திச்சு. உப்புத்தண்ணி குடுத்தேன். வாய் தொறக்கல." அவன் கைகள் இரண்டையும் உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்திருந்தான். "ரொம்ப நேரம் ஆச்சு தங்கச்சி. வேன் போற சத்தம் கேட்டுச்சு. விட்டுட்டு வர முடியல."

உமா குனிந்து சாக்கின் ஓரத்தை விலக்கினாள். பார்த்தாள். மூடினாள்.

கீழே ரோட்டில் லோரி ஒன்று கியர் மாற்றி ஏறிப் போயிற்று.

"நேத்து," என்றாள் உமா. "நான் கிராணி வீட்டுக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் இன்ஜின ஆஃப் பண்ணாம நின்னீங்களே."

"ஆமா."

"ஏன்?"

"மனசு மாறும்னு பாத்தேன்." அவன் மேட்டைப் பார்த்தான். "ஒரு வார்த்த நான் பேசியிருந்தா ஏறியிருப்பானோ என்னவோ. வாய்க்கு வரல."

"நானும் கையப் பிடிச்சு இழுத்திருக்கலாம்."

"நீ என்ன பண்ணுவ."

அவள் சாக்கைக் கையில் எடுத்துக்கொண்டாள். எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது.

"யுவனாவுக்கு இன்னிக்குத் தெரிய வேணாம்."

"வேணாம்," என்றான்.

"இங்க பாத்தியில வேணாம். மேல, தேயிலை ஓரத்துல."

கொட்டகையிலிருந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவன் முன்னால் நடந்தான். லயத்துக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு, பலகையைத் தாண்டி, மேட்டில் ஏறினார்கள். தேயிலை வேர்கள் மண்வெட்டியைத் தடுத்தன. அவன் ஆழமாகத் தோண்டினான். நாய் பறிக்காமலிருக்க மேலே கல் வைக்க வேண்டும் என்று உமா சொன்னாள். பெரிய கல்லாகத் தேடி எடுத்து வந்து வைத்தான். தழைத்த கிளைகளை இழுத்துவிட்டதும் மண் கிளறின தடம் மறைந்துபோயிற்று.

அவர்கள் இறங்கி வரும்போது பனி மூடிவிட்டது. சுடுகாட்டுக்குப் போனவர்கள் திரும்பி வரும் வேனின் விளக்கு வளைவில் மஞ்சளாகத் தெரிந்தது. சமையலறைக்கு வெளியே, சாக்கடையை ஒட்டிய குழாயடியில் நல்லுசாமி நின்றான். குழாயைத் தொடத் தயங்கினான்.

"கையில மருந்து," என்றான்.

உமா உள்ளே போய்ச் சவர்க்காரத்தையும் ஒரு கோப்பையையும் எடுத்து வந்தாள். வாளியில் தண்ணீர் நிறைந்திருந்தது. கோப்பையில் மொண்டு அவன் கைகளில் ஊற்றினாள். அவன் சவர்க்காரம் போட்டு முழங்கைவரை தேய்த்தான். சேறும் நுரையுமாக வழிந்தது. அவள் மறுபடியும் ஊற்றினாள்.

முன்பக்கம் ஆட்கள் இறங்கும் பேச்சுச் சத்தம் கேட்டது. பெரியவர்கள் யாரோ, குளிச்சிட்டு உள்ள வாங்க என்று சொன்னார்கள். குளியலறைக் கதவு திறந்தது, மைலோ கத்தியது. கொஞ்ச நேரம் கழித்து, திறந்து கிடந்த கூண்டின் பக்கமிருந்து, பீங்கான் தட்டில் கரண்டியால் தட்டும் சத்தம் வந்தது. யுவனா தட்டிக்கொண்டு சரிவைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"கிச்சாப்... கிச்சாப்... வா."

நல்லுசாமியின் கைகள் நின்றன.

"இன்னும் கொஞ்சம் ஊத்து தங்கச்சி," என்றான்.

கைகள் சுத்தமாகிவிட்டிருந்தன. அவள் கோப்பையை வாளியில் அமிழ்த்தி மொண்டு ஊற்றினாள். அவன் விரல்களை விரித்து நீட்டிக்கொண்டே இருந்தான். தட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வாளி காலியாகி, கோப்பை அடியில் தட்டும்வரை ஊற்றினாள்.